அப்பாவின் சத்திரசிகிச்சையைக் கார் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். 64 வயதான என் அப்பாவுக்கு ஐந்து வாரங்களுக்கு முன் இதய பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போதிருந்து இன்சுலினும் போடுகிறார். இனி எப்போதும் போட வேண்டுமாம். என் காரின் காப்புறுதியில் அவரும் ஒரு சாரதி. "சொன்னால் கட்டுப்பணத்தைக் கூட்டிவிடுவார்கள், பேசாமல் இரு" என்கிறார் அண்ணா. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணாவின் பேச்சைக் கேட்காதீர்கள். காப்புறுதி உங்கள் பெயரில் இருப்பதால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

எல்லோரும் பைபாஸைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் கார் ஓட்டுபவர் அதை, சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் அரச அமைப்பான டிவிஎல்ஏக்கு (DVLA) அறிவிக்கத் தேவையில்லை. குறைந்தது 4 வாரங்கள் ஓட்டக்கூடாது. அதன் பிறகும் வைத்தியர் சரி என்றால்தான் ஓட்டலாம். அறுத்து இணைத்த நெஞ்செலும்பு பொருந்தாமல் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புவது ஆபத்து. எந்தச் சத்திரசிகிச்சையானாலும், 3 மாதங்கள் கடந்தும் ஓட்ட முடியாவிட்டால் டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டும்.

உங்கள் விடயத்தில் முக்கியமானது இன்சுலின். அது 3 மாதங்களுக்கு மேல் தொடரும் என்றாலே டிவிஎல்ஏக்குச் சொல்வது சட்டக் கடமை. மறைத்தால் 1,000 பவுண் வரை அபராதம் வரலாம். அறிவித்தால் அனுமதிப்பத்திரத்தைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் நம்மவர்களிடம் நிறையவே உண்டு. பெரும்பாலும் 1, 2 அல்லது 3 ஆண்டுகளுக்கான அனுமதிப்பத்திரம் கொடுத்து, முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்வார்கள். முடிவு வரும்வரை ஓட்டலாமா என்பதை அப்பாவின் வைத்தியரிடம் கேளுங்கள்.

அப்பா பழகிக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றும் இருக்கிறது. வண்டியை எடுப்பதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நீண்ட பயணத்தில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். அளவு (mmol/L அலகில்) 5க்கு மேல் இருந்தால் ஓட்டலாம். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 4க்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது. சர்க்கரை சரியான பிறகும் 45 நிமிடங்கள் பொறுக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது ஓட்டுபவரின் நிதானம் அவருக்கே தெரியாமல் தவறும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

இனிக் காப்புறுதி. பிரித்தானியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் கேட்காததை நீங்களாக முன்வந்து சொல்லத் தேவையில்லை. கேட்டதற்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொல்ல வேண்டும். பல நிறுவனங்கள் "டிவிஎல்ஏக்கு அறிவிக்க வேண்டிய நோய் எந்தச் சாரதிக்காவது உண்டா?" என்று கேட்கின்றன. இன்சுலின் தொடங்கிய பிறகு அதற்கு "இல்லை" என்பது பொய். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் உடல்நிலை மாறினால் அறிவிக்க வேண்டுமா என்பது உங்கள் காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளில் இருக்கும். புதுப்பிக்கும்போது வரும் கடிதத்தில் பழைய பதில்களே அச்சிடப்பட்டிருக்கலாம். பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

கவனக்குறைவால் தவறாகச் சொல்லியிருந்தால் நட்டஈடு குறையலாம். உதாரணமாக, உண்மை தெரிந்திருந்தால் 800 பவுண் கேட்டிருப்பார்கள், நீங்கள் கட்டியது 600 என்றால், 6,000 பவுண் சேதத்துக்கு 4,500தான் கிடைக்கும். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்து, கட்டிய பணத்தையும் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். விபத்தில் காயப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடம் அறவிடவும் முயலலாம். அண்ணா மிச்சம்பிடிக்க நினைக்கும் காசை இதோடு வைத்துப் பாருங்கள்.

கட்டுப்பணம் கூடியே தீரும் என்றும் இல்லை. நோயைக் காரணம் காட்டி மனம்போனபடி கூட்டுவதை 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம்பத்தக்க தகவலின் அடிப்படையில், நியாயமாகத்தான் கூட்டலாம். கூட்டினால் காரணம் கேளுங்கள். நிறுவனத்திடம் முறையிட்டும் 8 வாரங்களில் தீர்வு வராவிட்டால் நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம்.

முதலில் டிவிஎல்ஏக்கு இணையத்தில் அறிவித்துவிட்டு, அன்றே நிறுவனத்தை அழையுங்கள். பேசியவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு, சொன்னதைப் பதிவு செய்ததாக மின்னஞ்சலில் உறுதி கேளுங்கள். அது வரும்வரை அப்பா பக்கத்து இருக்கையிலேயே இருக்கட்டும்.