சத்தமில்லாத கணினிக்கு எந்தத் தாய்ப்பலகை?

கேள்வி: முல்லைத்தீவுக் கோவலன் கூத்துப் பாடல்களை மூத்த அண்ணாவிமாரை (கூத்துப் பழக்கும் ஆசான்களை) பாடச் செய்து, எங்கள் வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்து வருகிறேன். கணினியின் இரைச்சல் ஒவ்வொரு பதிவிலும் விழுந்துவிடுகிறது. பாகங்களை வாங்கிப் புதிதாக ஒன்றைப் பூட்ட எண்ணியுள்ளேன். வண்ண விளக்குகள் எரியும், விலை கூடிய மதர்போர்ட் ஒன்றைக் கடையில் காட்டி, அதுதான் சத்தம் குறைந்தது என்றார்கள். வாங்கலாமா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: வேண்டாம். அந்த விளக்குகளுக்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் தாய்ப்பலகையைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்தது மிகச் சரியானது. ஏனெனில் இரைச்சல் விசிறிகளிலிருந்து வந்தாலும், எந்த விசிறி எப்போது எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தாய்ப்பலகையே.

முதலில், பலகையின் மீதே சிறு விசிறி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலிகளுக்கென (பிராசசர்) 2019இல் வந்த எக்ஸ்570 பலகைகளில் பெரும்பாலானவற்றில், சிப்செட் எனும் கட்டுப்பாட்டுச் சில்லின் மேல் அப்படியொன்று இருந்தது. சோளகக் காற்றோடு நமது செம்மண் புழுதி வீட்டுக்குள் வரும் மாதங்களில் இத்தகைய சிறு விசிறிகள் அடைபட்டுக் கீச்சிடத் தொடங்கிவிடும். பி550, பி650 வகைப் பலகைகளில் வெப்பத்தை வெளியேற்றும் வெறும் தகடே போதுமாக இருக்கிறது. உங்கள் வேலைக்கு பி650 பலகை ஒன்று தாராளம்.

அடுத்து, செயலியைச் சுற்றியுள்ள மின்சீராக்கிப் பகுதி. மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கிச் செயலிக்குக் கொடுப்பது இதுதான். மலிவான பலகைகளில் இப்பகுதி தகடின்றித் திறந்தே கிடக்கும். குளிரூட்டி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், பெட்டிக்குள் காற்றை மெதுவாக ஓடவிட்டுச் சத்தத்தைக் குறைக்க நினைக்கும் ஒருவருக்கு அது பொருந்தாது. ஆகவே கனமான தகடு பதித்த பலகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமானது விசிறிக் கட்டுப்பாடு. விசிறிகளைச் செருகும் நான்கு ஊசி இணைப்புகள் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் நான்கு ஊசி விசிறியை மட்டுமன்றி, மின்னழுத்தத்தைக் குறைத்து மூன்று ஊசி விசிறியையும் கட்டுப்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையேல் மூன்று ஊசி விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடும். வாங்குவதற்கு முன்பே பலகையின் கையேட்டை இணையத்தில் இறக்கி, பயோஸ் (பலகையிலேயே பதிந்திருக்கும் அமைப்பு மென்பொருள்) பற்றிய பகுதியை வாசியுங்கள். வெப்பநிலைக்கேற்ப வேகத்தை நீங்களே வரையறுக்கும் வசதியும், வேகம் கூடுவதைச் சில விநாடிகள் தாமதிக்கச் செய்யும் வசதியும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே சீரான மெல்லிய இரைச்சலைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் இரைச்சலை மறக்காது, பதிவிலிருந்து பின்னர் அதை நீக்குவதும் கடினம். தொழிற்சாலையில் வைத்த அளவுகள் பெரும்பாலும் குளிர்ந்த அறைக்கானவை. நமது வெக்கையில் சும்மா இருக்கும்போதே செயலி 45 பாகையைத் தொடலாம் என்பதால், 60 பாகை வரை விசிறி மெதுவாகவே ஓடும்படி அமைத்து, அதன்பின் படிப்படியாக ஏற விடுங்கள். ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைச் செயலிகளில் பெரும்பாலானவை 95 பாகை வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, அஞ்ச வேண்டியதில்லை.

செயலியையும் 65 வாட் வகையிலேயே எடுங்கள். அந்த வரிசையின் ரைசன் 5 7600இல் படம் காட்டும் பகுதி உள்ளேயே இருப்பதால் தனி கிராபிக்ஸ் அட்டையும் அதன் விசிறிகளும் தேவையில்லை. வன்தட்டுக்குப் பதிலாக எம்.2 எஸ்.எஸ்.டி. (பலகையில் நேரே செருகும், சுழலாத சேமிப்பகம்) போட்டால் சுழலும் இன்னொரு பொருளும் குறையும்.

பலகையிலுள்ள ஒலிப் பகுதியைப் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். ஒலிவாங்கியை வெளியே வைக்கும் யூ.எஸ்.பி. ஒலிக் கருவியில் இணைத்தால் பெட்டிக்குள்ளிருக்கும் மின்னிரைச்சல் குரலில் கலப்பது பெரிதும் குறையும். மிஞ்சும் பணத்தில் செயலியைக் குளிர்விக்கும் நல்ல பெரிய கூலரும் 140 மில்லிமீற்றர் விசிறிகளும் வாங்குங்கள். யூ.பி.எஸ். கருவியையும் மறக்க வேண்டாம்: மின்சாரம் நின்றதும் அது கூவினால், ஒரு முதிய அண்ணாவியார் மூச்சடக்கிப் பாடிய விருத்தம் அந்த இடத்திலேயே கெட்டுவிடும். அவரை மறுபடி பாடச் சொல்ல எல்லா நாளும் வாய்க்காது. எச்சரிக்கை ஒலியை நிறுத்தக்கூடியதாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: மேசையில் இடமில்லை. மினி ஐ.ரி.எக்ஸ். எனும் சிறிய தாய்ப்பலகையில் அமைதியான கணினி செய்யலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: செய்யலாம், ஆனால் கடினம். 170 மில்லிமீற்றர் சதுரப் பலகையில் விசிறி இணைப்புகள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான். சிறிய பெட்டிக்குள் சிறிய விசிறிகள் வேகமாகச் சுழல நேரிடும். 244 மில்லிமீற்றர் மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். பலகையை எடுத்து, பெட்டியை மேசைக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை அடித்து அதன்மேல் வையுங்கள்; புழுதியும் குறையும்.