பாஸ்தியாவின் பொருளாதாரமும் விசுவாசமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரெடெரிக் பாஸ்தியா 1801-இல் பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் உள்ள பயோன் நகரில் பிறந்தவர். கத்தோலிக்கர். அரசின் கை எவ்வளவு சுருங்கினால் அவ்வளவு நல்லது என்று வாதாடிய பொருளாதார எழுத்தாளர். பல வருடங்களாக இவரைப் படிக்கிறேன், கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள்.

கே: சார், இவரிடம் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எது?

உடைந்த ஜன்னல். பையன் ஒருவன் வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். அப்பாவுக்கு 6 பிராங்க் செலவு. கூடியிருந்தவர்கள், "போகட்டும், கண்ணாடிக்காரருக்கும் பிழைப்பு வேண்டுமே" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்தப் பிழைப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதே 6 பிராங்கில் அப்பா வாங்கியிருக்கக்கூடிய செருப்போ புத்தகமோ யார் கண்ணிலும் படாது. அரசின் ஒவ்வொரு செலவிலும் இந்தக் கண்ணில் படாத பக்கத்தைத் தேடு என்கிறார், அவ்வளவுதான். ஒருமுறை பழகிவிட்டால் பட்ஜெட் செய்தியைப் பழையபடி படிக்கவே முடியாது.

கே: கிறிஸ்தவராக இருந்துகொண்டு, அரசு ஏழைக்கு உதவக் கூடாது என்று எப்படிச் சொன்னார்? ஆதி சபையில் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்களே?

ஏழைக்கு உதவக் கூடாது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவர் பையில் போடுவதை நான் செய்தால் திருட்டு, அதையே சட்டம் செய்தால் மட்டும் எப்படித் தருமமாகும் என்றுதான் கேட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் சட்டபூர்வக் கொள்ளை. கவிஞர் லாமார்ட்டின் அவருக்கு எழுதினார்: நீங்கள் சுதந்திரத்தோடு நின்றுவிட்டீர்கள், நான் சகோதரத்துவம் வரை போகிறேன் என்று. உங்கள் இரண்டாம் பாதி முதல் பாதியை அழித்துவிடும் என்பது பாஸ்தியாவின் பதில். கட்டாயப்படுத்தி வாங்கும் அன்பு அன்பே இல்லை என்ற இந்த இடத்தில்தான் அவருடைய பொருளாதாரமும் விசுவாசமும் ஒன்றாக நிற்கின்றன என்று நான் நம்புகிறேன்.

ஆதி சபையைப் பற்றி என் சொந்தப் பதில்: அப்போஸ்தலர் 5-ஐத் திறந்து பாருங்கள். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துக்கொண்டு, மீதியை மட்டும் கொண்டுவந்த அனனியாவிடம் பேதுரு, "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" என்று கேட்கிறார். அவன் கொடுக்காமல் இருந்திருக்கலாம். குற்றம் பொய் சொன்னதில்.

கே: அப்போ வரியே கூடாதா? இராயனுக்குரியதை இராயனுக்குக் கொடுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே?

வரிக்கு ஈடான சேவை கிடைத்தால் அது நியாயமான பரிமாற்றம் என்று அவரே எழுதியிருக்கிறார். நீதி, பாதுகாப்பு இவை அரசின் வேலை. அதைத் தாண்டும்போதுதான் சண்டை.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்க, முதலாளிகளுக்காகப் பேசியவர்தானே?

இல்லை தம்பி, இந்தப் பழி அவருக்குப் பொருந்தாது. 1845-இல் அவர் எழுதிய மெழுகுவர்த்தி மனுவைப் படியுங்கள். சூரியன் இலவசமாக ஒளி கொடுத்து எங்கள் தொழிலைக் கெடுக்கிறது, எல்லா ஜன்னல்களையும் மூடச் சட்டம் போடுங்கள் என்று மெழுகுவர்த்தி வியாபாரிகள் கேட்பதாக எழுதினார். இறக்குமதி வரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு விலையை ஏற்றிய முதலாளிகளுக்குத்தான் அந்த அடி. 1848 புரட்சிக்குப் பிறகு சட்டமன்றத்தில் இடதுசாரிகள் பக்கம்தான் உட்கார்ந்தார். சோஷலிஸ்ட் லூயி பிளாங்கின் கொள்கைகளைக் கடுமையாக எதிர்த்தவர், ஆனால் அதே பிளாங் மீது வழக்குத் தொடரச் சட்டமன்றம் முயன்றபோது அதற்கு எதிராக வாக்களித்தார். 1849-இல், தொழிலாளர்கள் சேர்ந்து வேலையை நிறுத்துவது குற்றமாகாது, வன்முறையை மட்டும் தண்டியுங்கள் என்று பேசினார். அமெரிக்காவைப் புகழ்ந்த கையோடு, அங்கிருந்த அடிமை முறையைச் சட்டபூர்வக் கொள்ளை என்று எழுதினார். அல்ஜீரியக் காலனிக்குப் பணம் கொட்டுவதையும் எதிர்த்தார்.

கே: கடவுளைப் பற்றி அவர் எழுதியது மனதாரத்தானா, அந்தக் காலத்துப் பேச்சு வழக்கா?

மனதாரத்தான். மனிதர்களைப் படைத்தவர் அவர்களுக்குள்ளேயே ஒத்து வாழும் இயல்பையும் வைத்திருக்கிறார், களிமண் மாதிரி அவர்களைப் பிசைய வேண்டியதில்லை என்பது அவர் வாதத்தின் அஸ்திவாரம். 'சட்டம்' என்ற நூலை, சுதந்திரம் என்பது கடவுள் மீதும் அவருடைய படைப்பின் மீதும் வைக்கும் விசுவாசம் என்று முடிக்கிறார். அதை எழுதிய 1850-இல் காசநோய் தொண்டையைத் தின்றுகொண்டிருந்தது. அதே வருடம் டிசம்பர் 24 அன்று ரோமில் இறந்தார், அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணையும் வாங்கினார்.

கே: உங்களுக்கு ஒத்துவராத இடம் ஏதாவது?

உண்டு. நிலத்தின் விலை முழுக்க உழைப்புக்கும் சேவைக்குமான ஈடுதான், இயற்கையின் கொடை எப்போதும் இலவசம் என்கிறார். ஆற்றோரத்து வயலுக்கும் கரம்பு நிலத்துக்கும் ஒரே உழைப்பைப் போட்டுப் பாருங்கள், விளைச்சல் ஒன்றாகவா இருக்கும்? இங்கே அவருடைய நம்பிக்கை கணக்கை முந்திவிட்டது என்றே நினைக்கிறேன்.

கே: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

'சட்டம்' சின்னப் புத்தகம், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். 'பொருளாதார இசைவுகள்' பெரியது, முடிக்காமலேயே இறந்துவிட்டார், அது அப்புறம்.