அதிகபட்சத் திறன் மாற்றமும் தெவினின் சுற்றும்: கேள்வி பதில்

தெவினின் சுற்று, அதிகபட்சத் திறன் மாற்றம் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே மூச்சில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரு நேரியல் சுற்றை இரண்டு முனைகளிலிருந்து பார்த்தால் ஒரு மின்னழுத்த மூலமும் தொடராக ஒரு மின்தடையும் என்று சுருக்கிவிடலாம், அந்தச் சமானச் சுற்றுதான் தெவினின் சுற்று. அந்த முனைகளில் நாம் இணைப்பது லோடு, அதற்கு எப்போது அதிகத் திறன் போகும் என்பதுதான் அதிகபட்சத் திறன் மாற்றம். ஒரே சந்தேகத்தை நாலு பேர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முடிந்த வரைக்கும் ஒரே சுற்றை வைத்தே பேசுகிறேன், எண்கள் மனதில் நிற்கும்.

கேள்வி: சார், லோடு மின்தடை தெவினின் மின்தடைக்குச் சமமாக இருந்தால் திறன் அதிகபட்சம் என்று வகையிட்டு நிரூபிக்கத் தெரியும். ஆனால் ஏன் சரியாகச் சமம்? அதுதான் மண்டையில் ஏறவில்லை.

பதில்: வகையிடலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். திறந்த முனையில் 24 வோல்ட், உள்ளே 8 ஓம் என்று ஒரு தெவினின் சுற்று இருக்கிறது. லோடு எவ்வளவு வோல்ட்டை எடுத்துக்கொள்கிறதோ, 24-இல் மீதி அந்த 8 ஓமில் விழும். மீதியை 8-ஆல் வகுத்தால் மின்னோட்டம். ஆக லோடின் திறன் என்பது 'லோடு வோல்ட் பெருக்கல் மீதி வோல்ட், வகுத்தல் 8'. கூட்டினால் எப்போதும் 24 வரும் இரண்டு எண்களைப் பெருக்குகிறோம், அவ்வளவுதான். அந்தப் பெருக்குத்தொகை எப்போது பெரிதாகும்? இரண்டும் 12 ஆக இருக்கும்போது. லோடிலும் உள்ளேயும் ஒரே மின்னோட்டம் ஓடி, ஒரே வோல்ட் விழுந்தால் இரண்டின் மின்தடையும் ஒன்றுதானே.

எண்களையும் பார்த்துவிடுங்கள். லோடு 2 ஓம் என்றால் 11.52 வாட், 4 ஓம் என்றால் 16 வாட், 8 ஓமில் 18 வாட். அப்புறம் 16 ஓமில் மறுபடி 16 வாட், 32 ஓமில் மறுபடி 11.52 வாட். பாதியாக்கினாலும் இரட்டிப்பாக்கினாலும் இழப்பு ஒன்றே. உச்சி கூர்மையாக இல்லை, மொட்டை மாடி மாதிரி தட்டையாக இருக்கிறது. மின்தடை 10 சதவீதம் தப்பினால்கூடத் திறனில் கால் சதவீதம்தான் போகும். அதனால் 8.00 ஓமைத் தேடி அலைய வேண்டாம், கையில் இருக்கும் 8.2 ஓமைப் போடுங்கள்.

கேள்வி: 36 வோல்ட் மூலம், அதோடு தொடராக 6 ஓம், அங்கிருந்து தரைக்கு 12 ஓம், அதே முனையிலிருந்து 4 ஓம் வழியாக லோடு. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பதில்: லோடைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். அதை விட்டுவைத்துக்கொண்டே சமானச் சுற்று தேடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு.

லோடு இல்லையென்றால் 4 ஓமில் மின்னோட்டமே இல்லை, அதில் வோல்ட் விழாது. ஆக முனையில் இருப்பது 12 ஓமின் பங்கு மட்டும்: 36-ஐ 18-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் 24 வோல்ட். அடுத்து மூலத்தைக் குறுக்குச் சுற்றாக்கி (அதன் இடத்தில் வெறும் கம்பி என்று வைத்து), லோடு இருந்த இடத்திலிருந்து உள்ளே எட்டிப் பாருங்கள். 6-உம் 12-உம் இணை, அது 4 ஓம். அதோடு தொடராக இன்னொரு 4. மொத்தம் 8 ஓம். மேலே சொன்ன 24 வோல்ட், 8 ஓம் இங்கிருந்துதான் வந்தது. லோடு 8 ஓம், அதிகபட்சத் திறன் 24-இன் வர்க்கத்தை நாலு மடங்கு 8-ஆல் வகுத்தது, 18 வாட்.

கேள்வி: மேலே கேட்டவன்தான். விடை 18 வாட் வந்துவிட்டது. ஆனால் மூலம் கொடுக்கும் திறனைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன், 108 வாட் வருகிறது. அதிகபட்சத் திறன் நிலையில் செயல்திறன் 50 சதவீதம் என்றுதானே படித்தோம்? 36 வாட்தானே வர வேண்டும்? எங்கே தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் தப்பே செய்யவில்லை. இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அசல் சுற்றிலேயே நடந்து பார்ப்போம். லோடில் 1.5 ஆம்பியர், 12 வோல்ட். 4 ஓமில் 6 வோல்ட் விழுகிறது, ஆக நடு முனையில் 18 வோல்ட். 12 ஓமில் 1.5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 6 ஓம் வழியாக 3 ஆம்பியர். மூலம் தருவது 36 பெருக்கல் 3, 108 வாட். அதில் 6 ஓம் 54 வாட்டை விழுங்குகிறது, 12 ஓம் 27, அந்த 4 ஓம் 9, லோடுக்கு 18. கணக்கு நேர். செயல்திறன் ஆறில் ஒரு பங்கு, 17 சதவீதத்துக்கும் கீழே.

அப்படியென்றால் 50 சதவீதம்? அது தெவினின் சுற்றுக்குள் இருக்கும் கற்பனை 24 வோல்ட் மூலத்தைக் கணக்கில் எடுத்தால் வரும் எண். அப்படி ஒரு மூலம் உங்கள் பலகையில் எங்கும் இல்லை, அந்த 8 ஓமும் இல்லை. சமானச் சுற்று வாக்குக் கொடுப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்: இரண்டு முனைகளுக்கு வெளியே என்ன மின்னழுத்தம், என்ன மின்னோட்டம் என்பதற்கு. உள்ளே எவ்வளவு சூடாகிறது என்று அதைக் கேட்டால் பொய் சொல்லும். உள்ளே ஒரே மூலமும் அதோடு தொடரான மின்தடையும் மட்டும் இருக்கும்போதுதான் 50 சதவீதம் உண்மை.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். லோடை 12 ஓம் ஆக்கினால் லோடுக்கு 17.28 வாட்தான் போகும், ஆனால் மூலம் 100.8 வாட்தான் தரும். திறன் குறைந்தது, செயல்திறன் ஏறியது. இரண்டின் உச்சமும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

கேள்வி: லோடு மாறாமல் இருக்கிறது, மூலத்தின் உள் மின்தடையை என்னால் மாற்ற முடியும். அப்போதும் இரண்டையும் சமமாக்க வேண்டுமா?

பதில்: கூடாது. பூஜ்யமாக்குங்கள், முடிந்தால். உள் மின்தடை குறையக் குறைய லோடுக்கு அதிகம்தான் போகும். சமமாக்கும் விதி மூலம் நம் கையில் இல்லாமல், லோடை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும்போது பொருந்துவது.

கேள்வி: அப்படியானால் மின் நிலையமும் இந்த விதிப்படி ஓடுவதில்லையா?

பதில்: இல்லை. ஓடினால் தயாரிக்கும் மின்சாரத்தில் பாதி ஜெனரேட்டரையும் கம்பியையும் சூடாக்கவே போகும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் குழப்பம் பெரிய அளவில் இருந்தது. இந்த அதிகபட்சத் திறன் விதியை 1840 வாக்கில் சொன்னவர் ஜேகோபி என்ற அறிவியலாளர். அதைச் செயல்திறனுக்கான விதி என்று எடுத்துக்கொண்டவர்கள், டைனமோவில் 50 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது என்று நம்பினார்கள். எடிசனும் அவரிடம் வேலை பார்த்த அப்டனும் உள் மின்தடையை லோடைவிட மிகச் சிறியதாக வைத்து அந்த எல்லையைத் தாண்டினார்கள்.

கேள்வி: அண்ணா, சார்பு மூலம் இருந்தால் ஒவ்வொரு முறையும் மின்தடை தப்பாக வருகிறது. சுற்று இதுதான்: 10 வோல்ட் மூலத்திலிருந்து 2 ஓம் வழியாக ஒரு முனை. அந்த 2 ஓமில் ஓடும் மின்னோட்டத்தைப் போல இரு மடங்கை அதே முனைக்குள் தள்ளும் சார்பு மூலம். முனையிலிருந்து தரைக்கு 6 ஓம். லோடு அந்த 6 ஓமுக்கு இணையாக வர வேண்டும்.

பதில்: சார்பு மூலத்தையும் அணைத்துவிட்டு 2-உம் 6-உம் இணை, 1.5 ஓம் என்று எழுதியிருப்பாய். சரிதானே? தனி மூலத்தை மட்டும்தான் அணைக்கலாம். சார்பு மூலம் தன்னிச்சையாக இயங்குவதில்லை, சுற்று சொல்வதைத்தான் செய்கிறது. அது மின்தடையின் ஒரு பகுதி மாதிரி.

இங்கே சுலபமான வழி, திறந்த முனை வோல்ட்டை முனைகளைக் குறுக்கினால் ஓடும் ஆம்பியரால் வகுப்பது. திறந்திருக்கும்போது 6 ஓமுக்குள் போவது 2 ஓம் மின்னோட்டத்தைப் போல மூன்று மடங்கு. சமன்பாட்டைத் தீர்த்தால் 9 வோல்ட். குறுக்கிவிட்டால் 6 ஓமுக்கு வேலையில்லை, 2 ஓமில் 5 ஆம்பியர், வெளியே 15 ஆம்பியர். 9-ஐ 15-ஆல் வகுத்தால் 0.6 ஓம். அதிகபட்சத் திறன் 81-ஐ 2.4-ஆல் வகுத்து 33.75 வாட்.

தனி மூலமே இல்லாத சுற்று என்றால் இந்த வழி கைகொடுக்காது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். அப்போது முனையில் 1 வோல்ட் சோதனை மூலத்தை வைத்து, எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார். சில சமயம் மின்தடை எதிர்மறையாகக்கூட வரும். பயப்படாதே, ஆனால் அங்கே இந்த அதிகபட்சத் திறன் விதியைக் கொண்டுபோய்ப் போடாதே.

கேள்வி: மாறுதிசை மின்னோட்டத்தில் அதிகபட்சத் திறனுக்கு லோடு தெவினின் இம்பீடன்ஸின் இணையெண்ணாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. என்னிடம் வெறும் மின்தடைதான் இருக்கிறது என்றால்?

பதில்: இம்பீடன்ஸ் என்பது மின்தடையும், சுருளோ மின்தேக்கியோ மாறுதிசைக்குத் தரும் எதிர்ப்பான ரியாக்டன்ஸும் சேர்ந்தது. தெவினின் பக்கம் 100 வோல்ட் ஆர்.எம்.எஸ்., 30 ஓம் மின்தடை, 40 ஓம் தூண்டல் ரியாக்டன்ஸ் என்று வையுங்கள். இணையெண் என்றால் லோடில் 30 ஓமும் 40 ஓம் மின்தேக்கி ரியாக்டன்ஸும். தூண்டலும் மின்தேக்கியும் ஒன்றையொன்று அடித்துவிடும், திறன் 83.3 வாட்.

வெறும் மின்தடை என்றால் பலர் 30 ஓமையே போடுகிறார்கள். 57.7 வாட்தான் கிடைக்கும். போட வேண்டியது இம்பீடன்ஸின் அளவு: 30, 40, 50 என்ற அதே பழைய செங்கோண முக்கோணம். 50 ஓமில் 62.5 வாட்.

கேள்வித்தாளில் உச்ச மதிப்பு கொடுத்திருந்தால் வகுக்கும்போது நாலுக்குப் பதில் எட்டு. அப்புறம், இணையெண் பொருத்தம் ஒரு அதிர்வெண்ணுக்குத்தான். 50 ஹெர்ட்ஸில் 40 ஓம் தரும் மின்தேக்கி கிட்டத்தட்ட 80 மைக்ரோஃபாரட். 100 ஹெர்ட்ஸுக்குப் போனால் அது 20 ஓம் ஆகும், சுருளோ 80 ஓம் ஆகும். பொருத்தம் போச்சு.

கேள்வி: லோடு 8 ஓம், மூலம் 5000 ஓம். இரண்டையும் மாற்ற முடியாது. வழியே இல்லையா?

பதில்: நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். அதன் இரண்டு சுருள்களிலும் இருக்கும் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை விகிதத்தின் வர்க்கம்தான் மின்தடையின் விகிதம். 5000-ஐ 8-ஆல் வகுத்தால் 625, அதன் வர்க்கமூலம் 25. 25-க்கு 1.

கேள்வி: ஃபங்க்ஷன் ஜெனரேட்டரில் 5 வோல்ட் வைத்தால் ஆசிலோஸ்கோப்பில் 10 காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: இதே விஷயத்தில் நான் ஒரு மாலை முழுக்க வீணாக்கியிருக்கிறேன். புரோப்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் ஆசிலோஸ்கோப்பையே இரவல் வாங்கி மாற்றினேன். எல்லாவற்றிலும் 10.

விஷயம் இதுதான். பெரும்பாலான ஜெனரேட்டர்களுக்கு உள்ளே 50 ஓம் இருக்கும். வெளியேயும் 50 ஓம் லோடு இருக்கிறது என்று நம்பித்தான் திரையில் எண்ணைக் காட்டும். லோடு பொருந்தியிருந்தால் பாதி வோல்ட்தானே வெளியே வரும், அதனால் 5 என்று காட்ட உள்ளே 10-ஐ உண்டாக்குகிறது. ஆசிலோஸ்கோப்பின் உள்ளீடோ வழக்கமாக 1 மெகாஓம். ஜெனரேட்டருக்கு அது திறந்த முனை மாதிரிதான், முழு 10-உம் வந்து நிற்கிறது. ஜெனரேட்டர் மெனுவில் லோடு அமைப்பை 'ஹை இசட்' (மிகப் பெரிய லோடு மின்தடை) என்று மாற்றுங்கள், அல்லது 50 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைச் செருகுங்கள்.

கேள்வி: பேட்டரியின் உள் மின்தடையைக் கண்டுபிடிக்க, அதைக் குறுக்கி ஆம்பியர் பார்த்தால் போதுமா?

பதில்: காகிதத்தில் மட்டும். கையில் செய்யாதீர்கள். 12 வோல்ட், 0.01 ஓம் என்றாலே 1200 ஆம்பியர். மீட்டர் போகும், கையும் போகும். முதலில் லோடில்லாமல் அளவெடுங்கள், பிறகு தெரிந்த ஒரு மின்தடையை வைத்து அளவெடுங்கள். 9.2 வோல்ட் இருந்தது 100 ஓம் வைத்ததும் 8.9 ஆனால், 8.9 பெருக்கல் உள் மின்தடை என்பது 0.3 பெருக்கல் 100. உள்ளே சுமார் 3.4 ஓம்.

கேள்வி: சூரியப் பலகைக்கும் இப்படியே திறந்த முனை வோல்ட்டைக் குறுக்குச் சுற்று ஆம்பியரால் வகுக்கலாமா?

பதில்: வகுத்தால் ஏமாந்துபோவீர்கள். 22 வோல்ட், 5 ஆம்பியர் பலகை என்று வைப்போம். தெவினின் நேர்கோட்டின்படி அதிகபட்சம் 27.5 வாட். அப்படிப்பட்ட பலகை 80 வாட் பக்கம் தரக்கூடியது. அதன் கோடு நேராக இறங்குவதில்லை, 5 ஆம்பியரை ஒட்டியே வெகுதூரம் போய்விட்டுக் கடைசியில் சரிகிறது. நேரியல் இல்லாத எதற்கும் ஒரே ஒரு தெவினின் மின்தடை கிடையாது. ஆனாலும் விதி முழுக்கச் செத்துவிடவில்லை. உச்சத் திறன் புள்ளியில் அந்த வளைவரையின் சாய்வு தரும் மின்தடையும் லோடு மின்தடையும் சமமாகத்தான் இருக்கும். வெயில் மாறினால் புள்ளியும் நகரும், அதைத் துரத்திக்கொண்டே போவதற்குத்தான் எம்.பி.பி.டி. (உச்சத் திறன் புள்ளியைத் தொடரும்) கன்ட்ரோலர்.

கேள்வி: தெவினினா, நார்ட்டனா, தேர்வில் எது நல்லது?

பதில்: எது சீக்கிரம் வருகிறதோ அது. தெவினின் 1883-இல் வெளியிட்டது, நார்ட்டன் வடிவம் (மின்னோட்ட மூலமும் அதற்கு இணையாக ஒரு மின்தடையும்) 1926-இல் வந்தது, லோடுக்கு இரண்டும் ஒன்றே. நம் பழைய சுற்றுக்கு நார்ட்டன் என்றால் 3 ஆம்பியர், இணையாக 8 ஓம்.

ஆனால் லோடைப் பிடுங்கிவிட்டு உள்ளே பாருங்கள். தெவினினில் மின்னோட்டமே இல்லை, இழப்பு பூஜ்யம். நார்ட்டனில் 3 ஆம்பியர் 8 ஓமில் சுற்றிக்கொண்டே 72 வாட் எரிகிறது. அசல் சுற்றில்? 36 வோல்ட், 18 ஓம், 2 ஆம்பியர், 72 வாட். நார்ட்டன்தான் உண்மை சொல்கிறது என்று துள்ள வேண்டாம், இது தற்செயல். அந்த 4 ஓமை 2 ஓம் ஆக்கிப் பாருங்கள்: நார்ட்டன் 96 வாட் என்று சொல்லும், அசல் சுற்று அதே 72-இல் நிற்கும்.