மணமுறிவு: கையெழுத்திடுவதற்கு முன் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

11 ஆண்டு மணவாழ்வை இருவருமாகப் பேசி முடித்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறோம். மகளுக்கு 8 வயது, என்னோடுதான் இருப்பாள். வீட்டை அதன் கடனோடு நான் எடுத்துக்கொள்ளலாம், தன் ஓய்வூதிய நிதியில் பங்கு கேட்கக் கூடாது, மகளுக்கு மாதந்தோறும் ஒரு தொகை தருவேன் என்கிறார் கணவர். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கிறது. எதையெல்லாம் நான் பேச வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சோர்வு புரிகிறது. ஆனால் அந்தச் சோர்வில் இடும் கையெழுத்து, உங்கள் மகள் வளர்ந்து ஆளான பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தக்கூடியது. ஆகவே இன்று கையில் இருப்பதைப் பங்கிடுவதோடு நிறுத்தாமல், வரப்போகும் ஆண்டுகளையும் சேர்த்துப் பேசுங்கள்.

முதலில், இருவரும் தத்தம் வங்கிக் கணக்கு, முதலீடு, காப்பீடு, கடன், பிறருக்குப் போட்ட ஜாமீன் அனைத்தையும் எழுத்தில் காட்ட வேண்டும். மறைத்த சொத்து பின்னர் தெரியவந்தால் என்ன செய்வது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால், நீங்கள் உங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி ஒருவரை விடுவிக்கும்வரை இருவருமே கடன்காரர்கள்தாம். உங்கள் ஒருவர் வருமானத்தை நம்பி வங்கி அக்கடனைத் தொடருமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். தொடராது என்றால், வீட்டை விற்றுப் பங்கிடுவதே நல்லது என்பது என் கருத்து. வீட்டின் சந்தை மதிப்பிலிருந்து மீதிக் கடனையும், விற்றால் வரக்கூடிய வரியையும் செலவையும் கழித்து வரும் தொகையைத்தான் அவருடைய நிதியோடு ஒப்பிட வேண்டும். அந்த நிதியை எடுக்கும்போது வரி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். மணவாழ்வின்போது சேர்ந்த ஓய்வூதிய நிதியைப் பங்கிடத்தக்க சொத்தாகவே பல நாடுகளின் சட்டங்கள் கருதுகின்றன. உங்களுக்கு என்ன உரிமை உண்டு என்று தெரிந்துகொள்ளாமல் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அந்த மாதத் தொகைதான். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்றைக்குப் போதுமான தொகையின் வாங்கும் திறன் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அப்போது உங்கள் மகளுக்கு 20 வயது, படிப்புச் செலவு உச்சத்தில் இருக்கும். எனவே ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், எந்தத் தேதியில் கணக்கில் வரவு வைக்கப்படும், தவறினால் என்ன, 18 வயதுவரையா படிப்பு முடியும்வரையா என்பவற்றை எழுதி வாங்குங்கள். கல்விக் கட்டணத்தையும் மருத்துவச் செலவையும் தனியாகப் பிரித்து, யாருக்கு எத்தனை பங்கு என்று குறிப்பிடுங்கள். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தத் தொகை நின்றுபோகக்கூடும். அக்காலம் முழுவதற்கும் மகளுக்குப் பயன் சேரும்படி ஓர் ஆயுள் காப்பீட்டை அவர் எடுக்க வேண்டும் என்றும், பிரீமியம் கட்டிய ரசீதை ஆண்டுதோறும் காட்ட வேண்டும் என்றும் கேளுங்கள்.

தந்தை மகளைச் சந்திப்பதைப் பணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். பெற்றோர் இருவரோடும் தொடர்ந்து தொடர்பில் இருப்பது, தன் நலனுக்கு ஊறு இல்லாதவரை, குழந்தையின் உரிமை என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. ‘அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வரி பிற்காலச் சண்டைக்கே வழிவகுக்கும். வெள்ளிக்கிழமை மாலை எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யார் அழைத்துப் போவது, ஞாயிறன்று யார் கொண்டுவந்து விடுவது என்ற அளவுக்கு எழுதுங்கள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் யார் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் சேரட்டும்.

அவரிடம் உங்களுக்குச் சிறிதேனும் அச்சம் இருந்தால், இவற்றில் எதையும் நேருக்கு நேர் பேசாதீர்கள்; வழக்கறிஞர் பேசட்டும். அச்சம் இல்லையென்றாலும் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம். உங்களுக்கென்று ஒருவரை வைத்து வரைவை வரிவரியாகப் படிக்கச் செய்யுங்கள். ஒத்துக்கொண்டவை நீதிமன்றத் தீர்ப்பாணையிலும் இடம்பெறுகின்றனவா என்று பாருங்கள். ஆணை கைக்கு வந்ததும் உங்கள் வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் இருக்கும் நாமினி பெயரை மாற்றிவிடுங்கள். அது தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.