துண்டறிக்கையின் தமிழ்: சில கேள்விகளும் பதில்களும்

விவசாயத் தொழிலாளர்களுக்காக நெடுங்காலம் துண்டறிக்கை எழுதியவன் என்ற முறையில், இயக்கங்களின் மொழி குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (திருவாரூரிலிருந்து ஒரு மாணவி): ஐயா, எங்கள் வாசகர் வட்டத்தில் கைதட்டல் பெறும் பேச்சு கிராமத்துக் கூட்டத்தில் எடுபடுவதில்லை. கடினமான சொற்கள்தாம் காரணமா?

பதில்: அது பாதிக் காரணம்தான். பட்டா, சிட்டா, அடங்கல், ஜமாபந்தி ஆகியவை மட்டும் எளிய சொற்களா? பள்ளிக்கூடம் போகாத விவசாயியும் அவற்றைப் பிழையின்றிக் கையாள்கிறார்; அவற்றுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் அவர் காத்துக் கிடந்திருக்கிறார். கல்விப்புல நடையின் பெரிய குறை, செய்தவன் அதில் காணாமல் போய்விடுவது. ஒருமுறை நான், "நிலவுடைமைக் கட்டமைப்பின் ஆதிக்கக் கருத்தியலால் உழைக்கும் பெண்கள் இரட்டைச் சுரண்டலுக்கு உள்ளாக்கப்படுகின்றனர்" என்று எழுதி, நடவு முடித்துக் கரையேறியவர்களிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்ட ஒரு மூதாட்டி, "சரி தம்பி, யாரு யாருக்கு என்ன செஞ்சாங்கன்னு சொல்லவே இல்லியே" என்றார். மறுநாள் திருத்தினேன்: "ஒரே வயல், ஒரே வெயில், பெண்ணுக்கு மட்டும் கூலி குறைவு. வீடு திரும்பியதும் உலை வைப்பவளும் அவளே." கருத்து மாறவில்லை, ஆனால் மிராசுதாரிடம் போய்க் கேட்பதற்கு இப்போது ஒரு கேள்வி கிடைத்திருந்தது.

கேள்வி (ஓர் ஆய்வாளர்): எளிமைப்படுத்தினால் கோட்பாடு நீர்த்துப்போகாதா?

பதில்: கீழத்தஞ்சையை எண்ணிப் பாருங்கள். 1940களில் அங்கே பண்ணையாட்களைத் திரட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவுக்குத் தமிழ் தாய்மொழியே அன்று. கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். நிலப்பிரபுத்துவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேச அவரிடம் சரக்கு இருந்திருக்கும். ஆனால் சேரிகளில் முன்வைக்கப்பட்ட கோரிக்கை, சவுக்கால் அடிக்கக் கூடாது, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கக் கூடாது என்பதுதான். சவுக்கடியும் சாணிப்பாலும் என்ற அந்த இரண்டு சொற்களுக்கு எவரும் பொருள் கேட்கவில்லை. அங்கே கூடியிருந்தவர்களின் முதுகுக்கும் தொண்டைக்கும் அது தெரியும். பின்னர் அவர்களைப் பாதுகாக்க 1952இல் வந்த சட்டமும் "பண்ணையாள்" என்ற ஊர்ச்சொல்லையே தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. இதில் எங்கே கோட்பாடு நீர்த்துப்போனது? உபரி மதிப்பு போன்ற கலைச்சொற்களைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். படிப்பு வட்டத்தில் அவை இல்லாவிட்டால் குழப்பமே மிஞ்சும். தையற்காரருக்கு ஊசி வேண்டும்தான், அதற்காகச் சட்டையோடு ஊசியையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவாரா?

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வழக்கறிஞர்): கூலிப் பிரச்சினைக்கு இது சரி. சட்டம், நிர்வாகம் போன்றவற்றுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும். ராஜஸ்தானில் 1990 மே 1 அன்று தொடங்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு, வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை என்றெல்லாம் கருத்தரங்கு நடத்தியிருக்கலாம். ஆனால் அவர்கள் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் தொடங்கிய பொது விசாரணைகளில், அரசு வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயரும் கூலியும் எழுதிய பதிவேட்டை, ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தால், அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களுடைய முழக்கம். அந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. சட்டத்தின் பெயரைவிட அந்த முழக்கமே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எங்கள் தெருவுக்கு வந்த தோழர்கள் எங்களை "விளிம்புநிலை மக்கள்" என்றார்கள். ஏனோ சங்கடமாக இருந்தது.

பதில்: நியாயமான சங்கடம். உங்கள் தெரு உங்களுக்கு நடு ஊர்தான். அடுத்த முறை, எதன் விளிம்பு என்று கேளுங்கள்.

கேள்வி (முதல் துண்டறிக்கை எழுதும் இளைஞர்): எழுதியது சென்று சேருமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: நீங்களே வாசித்துக் காட்டாதீர்கள், உங்கள் குரலின் ஏற்ற இறக்கம் எழுத்தின் குறையை மூடி மறைத்துவிடும். பேருந்து நிறுத்தத்திலோ டீக்கடையிலோ ஒருவரை வாசிக்கச் சொல்லி, அவர் தடுமாறும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு தாளை மடித்து வாங்கிக்கொண்டு, அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது பெரும்பாலும் நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருக்கும்; அதையே அச்சுக்குக் கொடுங்கள். நான் பல முறை அப்படிக் கொடுத்திருக்கிறேன்.