வசனக் கணக்கு: 'ஆல்' வேறு, 'ஆக' வேறு

திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வசனக் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் சில இவை.

உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா: மகள் ஆண்டு 5. வசனமாக வந்தால் "கூட்டவா, கழிக்கவா?" என்று என்னைப் பார்க்கிறாள். 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று சொல்லிக்கொடுத்தேன். சரிதானே சேர்?

கோவிக்காதீங்கோ அக்கா, அதுதான் பிழை. "புறாத்தீவுக்குப் போன படகில் மொத்தம் 12 பேர். 5 பேர் சிறுவர். பெரியவர் எத்தனை பேர்?" உங்கள் விதிப்படி 17 வரும், படகில் இருப்பதோ 12 பேர்தான்! பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, எண்களே இல்லாமல் கதையை மட்டும் சொல்லச் சொல்லுங்கோ. கதை வாயில் வந்தால் கூட்டலா கழித்தலா என்பது தானாக வரும்.

மூதூர் மாணவன், ஆண்டு 11: பிடித்த மீனில் 2/5 ஐக் காலையில் விற்றார். மீதியில் 1/3 ஐக் கருவாட்டுக்கு எடுத்தார். 24 கிலோ மிஞ்சியது. பிடித்தது எவ்வளவு? எனக்கு 90 வருகிறது.

தம்பி, நீ 2/5 ஐயும் 1/3 ஐயும் கூட்டி 11/15 எடுத்து, மிச்சம் 4/15 என்று போட்டிருப்பாய். அந்த 1/3 முழு மீனில் இல்லை, *மீதியில்*. பின்னத்தைக் கண்டால் "எதில்?" என்று கேட்டு, பதிலை அதற்கு மேலே எழுது.

இப்ப ஐந்து பெட்டி கீறு. இரண்டை வெட்டிவிடு, விற்றாச்சு. மிஞ்சிய மூன்றில் ஒன்று கருவாடு. மற்ற இரண்டும் 24 கிலோ என்றால் ஒரு பெட்டி 12, ஐந்தும் 60. சரிபார்ப்பமா? 60 இல் 24 போக 36. அதில் 12 போக 24. உன் 90 ஐயும் இப்படியே ஓட்டிப் பார், கடைசியில் 36 கிலோ மிஞ்சும். இந்த அரை நிமிட வேலையை யாரும் செய்வதில்லை, எனக்கு அதில்தான் எரிச்சல்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி: கேள்வியை மூன்று தரம் வாசித்தும் பிழைக்கிறேன்.

மூன்று தரமும் எண்களைத்தான் வாசித்திருப்பீங்கள். வேற்றுமை உருபை வாசியுங்கோ. 800 ரூபாப் பொருளின் விலை 200 ரூபாவால் குறைந்தால் 600. 200 ரூபாவாகக் குறைந்தால் 200. "x இலிருந்து 4 ஐக் கழிக்க" என்றால் x − 4. "x ஐ 4 இலிருந்து கழிக்க" என்றால் 4 − x. படிக்கிற காலத்தில் நானும் இதில் புள்ளி விட்டிருக்கிறேன்.

அதே தங்கச்சி: எங்கள் பாலம் 396 மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் 12 மீற்றர் பஸ் முழுதாகக் கடக்க எவ்வளவு நேரம்? எனக்கு 39.6 செக்கன்.

வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், அது சரி. ஆனால் பஸ்ஸின் முகப்பு அக்கரையைத் தொடும்போது பின்பக்கம் இன்னும் பாலத்தில்தானே நிற்கிறது? 396 + 12 = 408. விடை 40.8 செக்கன்.

நிலாவெளி, ஒரு அப்பா: எல்லாவற்றுக்கும் x போட வேணுமா?

இல்லை. மீன் கணக்கில் நாங்கள் போடவில்லையே. போட்டால் "x = மீன்" என்று எழுத விடாதீங்கோ. "x = பிடித்த மீனின் நிறை, கிலோகிராமில்."