நாலு மணிக்குப் பசியோடு வரும் பேரப்பிள்ளைகள்: தின்பண்டம், கைவேலை, விளையாட்டு

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். மகளும் மருமகனும் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். பேத்திக்கு ஆறு வயது, பேரனுக்கு மூன்றரை. பள்ளியும் அங்கன்வாடியும் விட்டு நாலு மணிக்கு வந்தால் இரவு ஏழு வரை என் பொறுப்பு. பேக்கரி பப்ஸ், பாக்கெட் சிப்ஸ், போன் என்றே பொழுது போகிறது. போனில் காட்டும் கைவேலைகளுக்கு என்னென்னவோ பசை, பளபளக் காகிதம் எல்லாம் வேண்டுமாம். எனக்கு முழங்கால் வலி, ஓடியாட முடியாது. வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? சின்னவன் கையில் கத்தரிக்கோல் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, பளபளக் காகிதம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். போனில் காட்டும் அந்தப் பொம்மைகளைப் பெரும்பாலும் செய்து முடிப்பது பெரியவர்களின் கை. பிள்ளைக்குக் கிடைப்பது கடைசியில் கண் ஒட்டும் வேலை மட்டும். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் விரல்களுக்கு வேண்டியது பிசைவதும் கிள்ளுவதும் கிழிப்பதும் உருட்டுவதும்தான். பென்சிலைப் பிடிக்கும் வலு இவற்றிலிருந்தே வருகிறது. அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: தொடக்கமும் முடிவும் உங்களுடையதாக இருக்கட்டும், நடுவேலை முழுக்கப் பிள்ளையுடையதாக இருக்கட்டும். அடுப்பு, கத்தி, கொதிநீர் உங்கள் பக்கம். மாவு, இலை, விதை அவர்கள் பக்கம். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். பேத்தி செய்ததை நீங்கள் எடுத்து ஒழுங்குபடுத்திவிட்டால், அடுத்த தடவை "நீயே செய்து கொடு" என்று விலகிப்போவாள்.

பசித்த பிள்ளையிடம் எந்த விளையாட்டும் எடுபடாது. வந்தவுடன் கை கால் கழுவித் தண்ணீரும் ஒரு பழமும் கொடுங்கள். வேகவைத்த நேந்திரம் பழம் பாதி போதும். அது உள்ளே போன பிறகு இலையடைக்கு உட்காரலாம். பாலக்காட்டுப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இலையடை சுடச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்யும் முறையை மட்டும் சொல்கிறேன்.

அவர்கள் வருவதற்கு முன்பே மாவையும் பூரணத்தையும் முடித்துவிடுங்கள். ஒரு கப் வறுத்த அரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய், ஏறத்தாழ ஒன்றேகால் கப் கொதிநீர். மாவுக்கு மாவு தண்ணீர் முன்பின் ஆகும். கரண்டியால் கிளறி மூடி வையுங்கள். பூரணத்துக்கு ஒரு கப் தேங்காய்த் துருவல், அரை கப் வெல்லம், ஏலக்காய். வெல்லம் சேர்ந்த பூரணம் மேலே ஆறியதுபோல் இருந்தாலும் உள்ளே சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்; உங்கள் புறங்கையில் தொட்டுப் பார்க்காமல் பிள்ளைகள் பக்கம் நகர்த்தாதீர்கள். கருப்பட்டி போட்டாலும் அளவு இதே அளவுதான். கருப்பட்டியும் பிள்ளையின் உடம்புக்கு இனிப்புத்தான்.

வாட்டிய வாழை இலையை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, ஆளுக்கு ஒரு துண்டும் ஓர் எலுமிச்சை அளவு மாவும் கொடுங்கள். நடுவில் ஒரு கிண்ணம் தண்ணீர். விரலை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாவைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். பேத்தி ஓரளவு வட்டமாகத் தட்டிவிடுவாள். பேரன் அழுத்திய இடமெல்லாம் குழி விழும், ஓரம் தடித்து நிற்கும், ஒரு பக்கம் இலை தெரியும். அந்தக் குழிகளிலேயே பூரணத்தைக் கிள்ளிக் கிள்ளி வைக்கட்டும். ஓட்டையை எப்படி மூடுவது என்று அவனே கொஞ்ச நேரம் தடவிப் பார்ப்பான். தண்ணீர் தொட்டால் மாவு ஒட்டிக்கொள்ளும் என்பதை அவன் விரலே கண்டுபிடித்துவிடும். நீங்கள் முந்திக்கொண்டு மூடாதீர்கள். பிறகு இலையை மடித்து, யாருடையது எது என்று தெரிய இலைக்கு ஒரு நூல் கட்டிவிட்டு, நீங்கள் ஆவியில் வையுங்கள். தடித்த ஓரம் வேகப் பதினைந்து நிமிடமாவது ஆகும். இலை ஒட்டாமல் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது. தன் கையால் தட்டிய அடையைப் பிள்ளை மீதம் வைப்பது அபூர்வம்.

மிஞ்சிய மாவுதான் அவர்களுக்குக் களிமண். பாம்பு உருட்டலாம், கோலி உருட்டலாம், டம்ளர் விளிம்பால் நிலா வெட்டலாம். நிறைய உப்புப் போட்டுப் பிசையும் விளையாட்டு மாவைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்வதில்லை. அவ்வளவு உப்பு உள்ளே போவது நல்லதல்ல. இந்த அடை மாவு வாய்க்குள் போனாலும் பயமில்லை. விளையாடி முடித்ததும் அழுக்கு ஒட்டாத உருண்டைகளை ஆவியில் வேகவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் இன்னொரு நாளைக்குக் காரமான பலகாரம் ஆயிற்று.

மற்ற நாட்களுக்கு ராகிப் புட்டு இருக்கிறது: ஒரு பிடி மாவு, ஒரு பிடி தேங்காய் என்று குழலை நிரப்பும் வேலை பேரனுக்கு. நனைத்த அவலில் பழத்தைப் பிசைந்து போடும் வேலையும் அவனுக்குப் பிடிக்கும். தைக்குப் பனங்கிழங்கு வரும்போது, வேகவைத்த கிழங்கின் தோலையும் நாரையும் உரிக்கும் வேலையைப் பேத்தியிடம் கொடுத்துவிடுங்கள். சின்னவனுக்குத் துண்டாகக் கொடுக்காமல் நாரெடுத்து மசித்துக் கொடுங்கள். பப்ஸை அடியோடு நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் பேக்கரி நாள் என்று வைத்துக்கொண்டால் மற்ற நாட்களில் அடம் குறையும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பேரனுக்கு முழு வேர்க்கடலை, சீடை, சோளப்பொரி, முழுத் திராட்சை வேண்டாம். இவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் வடிவமும் அளவும் கொண்டவை. கடலையைப் பொடித்து உருண்டையாக்குங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். நேந்திரங்காய் வறுவலும் வெல்லம் பூசிய சர்க்கரை உப்பேரியும் அவனுக்கு இன்னும் சில வருடம் பொறுத்து வரட்டும். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டே சாப்பிடக் கூடாது. அடைத்துவிட்டால், பலமாக இருமும்வரை இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் போனால் உடனே முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், பக்கத்தில் யாரையாவது 108-க்குப் பேசச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள். அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். இதை அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஒரு தடவை செய்து பார்த்தே கற்றுக்கொள்ளுங்கள். வாசித்தது மட்டும் அந்த நேரத்தில் கைக்கு வராது.

இனி கத்தரிக்கோல். கொடுக்கலாம். முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், உட்கார்ந்த இடத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முதலில் சில நாள் பழைய செய்தித்தாளை நீள நீளமாகக் கையால் கிழிக்கட்டும். பிறகு விரல் அகலத்துக்கு ஒரு காகித நாடாவைக் கொடுத்தால் ஒரே கத்தரிப்பில் துண்டு விழும். அந்த வயதுக்கு அது பெரிய வெற்றி. கட்டைவிரல் மேலே பார்த்து இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். கோட்டின் மேல் வெட்டுவது நாலு வயதுக்கு மேல் வரும், அவசரமில்லை. இடது கையை நீட்டினால் இடது கையிலேயே விடுங்கள்.

கத்தரிக்கோலுக்கு நான் சொல்லும் மிக நல்ல வேலை ஒன்று இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டையின் கண்ணில் ஓட்டை போட்டு மண் நிரப்புங்கள். இரவு ஊறவைத்த வெந்தயத்தைப் பிள்ளைகள் அதன்மேல் நெருக்கமாகத் தூவி, மெல்லிசாக மண் போட்டு மூடட்டும். வெளிப்புறத்தில் காகிதத்தில் கிழித்த கண், மூக்கு, மீசையை ஒட்டட்டும். பசைக்கு இரண்டு தேக்கரண்டி மைதாவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழைய வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் ஆன பசையைக் கொட்டிவிடுங்கள். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்து வந்தால் மூன்று நான்கு நாளில் முளை எட்டிப் பார்க்கும். பத்து நாள் வாக்கில் சிரட்டை முகத்துக்குத் தலைமுடி அடர்ந்துவிடும். அப்போது சின்னவன்தான் முடிதிருத்துபவர். வளைகிறதோ நெளிகிறதோ, வெட்ட வெட்டக் கீரை விழும். அதை நன்றாக அலசி அன்றைக்குத் தோசை மாவில் கலந்து ஊற்றுங்கள். கைவேலை, கத்தரிக்கோல், தின்பண்டம் மூன்றும் ஒரே சிரட்டையில் முடிந்துவிடும். உங்கள் முழங்காலும் நகர வேண்டியதில்லை.

பேத்தி இதைவிடக் கொஞ்சம் வியப்பு எதிர்பார்ப்பாள். அவளுக்கு மஞ்சள் காகிதம். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள்தூள் கரைசலைப் பூசி வெயிலில் காயவைத்துவிடுங்கள். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு அதன்மேல் வரையச் சொல்லுங்கள். நிறமில்லாத தண்ணீர் பட்ட இடம் செம்பழுப்பாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான்: காரம் பட்டால் மஞ்சளின் நிறம் மாறும், புளிப்பு பட்டால் திரும்பும். சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வேலியில் சங்குப்பூ இருந்தால், அதை வெந்நீரில் ஊறவைத்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து ஊதாவாக்கும் வேடிக்கையும் உண்டு.

ஓணம் நெருங்கும்போது பூக்களம் போடப் பிள்ளைகள் பூ பறிக்கக் கிளம்புவார்கள். நிறம் பிரித்து அடுக்குவது சின்னவனுக்கு ஏற்ற வேலை. ஆனால் அரளியும் பொன்னரளியும் அவன் கைக்கு வர வேண்டாம். விதை பொறுக்குவதிலும் கவனம் வேண்டும். குருவாயூர்க் கோயிலில் உருளி நிறையப் பிள்ளைகள் அள்ளி விளையாடுவது மஞ்சாடி விதை, முழுச் சிவப்பு. கறுப்புக் கண் வைத்த சிவப்பு விதை குன்றிமணி. அது மென்றாலோ உடைந்தாலோ கடும் நஞ்சு. பல்லாங்குழிக்கு உங்கள் வீட்டில் குன்றிமணி இருந்தால் இன்றே எடுத்துவிட்டுப் புளியங்கொட்டை போடுங்கள். அதுவும் பேத்திக்கு மட்டும்; சின்னவனுக்குக் கையகலக் கூழாங்கல் போதும். குன்றிமணியோ ஆமணக்கு விதையோ வாயில் போட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் விதையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரியும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளும் இதே கணக்குத்தான்.

ஓடியாட முடியவில்லை என்று வருந்த வேண்டாம். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும், ஓடுவது அவர்கள். உங்கள் ஊரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கிறது. தென்னை ஓலையில் காற்றாடி மடிக்க உங்கள் விரலுக்குத் தெரியும். அச்சுக்கு முள் குத்தாமல், முனை நறுக்கிய ஈர்க்குச்சியாக வையுங்கள். சித்திரை வைகாசியில் நுங்கு தின்றபின் மிஞ்சும் பனங்காய்க் கூந்தல் (வெறும் கூடு) இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளும் வண்டி செய்துகொடுத்தால் வாசலில் அவர்களைப் பிடிக்க முடியாது. பாண்டிக் கட்டம் போட்டால் பேத்தி ஒற்றைக் காலில் தாண்டட்டும். பேரனுக்கு இன்னும் நொண்டி வராது, இரண்டு காலாலும் குதிக்கட்டும். அவனைத் தோற்கவைத்து அழவிடாதீர்கள். ஜெயிப்பது தோற்பது புரியும் வயது இதில்லை. கல்லை எடுத்துக் கொடுப்பது, "ஆரம்பி" என்று கத்துவது போன்ற ஒரு பொறுப்பு கொடுத்தால் அவனும் ஆட்டத்தில் இருப்பான், அக்காவும் நிம்மதியாக ஆடுவாள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது உடல் அசைந்து இருக்க வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. போனைப் பிடுங்கி ஒளித்தால் நாள்தோறும் சண்டைதான். வேளையை மாற்றுங்கள்: வந்தவுடன் வேண்டாம், சாப்பிடும்போது வேண்டாம், விளையாடிக் களைத்த பிறகு ஆறரைக்கு மேல் கொஞ்ச நேரம். சாப்பிட்டால் போன் தருகிறேன் என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் விலை கேட்பார்கள்.

இதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்யவும் வேண்டாம். இன்றிரவு ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறப்போடுங்கள். நாளைக்குச் சிரட்டை. மாவு சிந்தும், மண் சிந்தும். கீழே ஒரு பழைய சாக்கு விரித்துவிடுங்கள். துடைக்கும் ஈரத்துணியை நீங்கள் எடுக்காமல் அவர்கள் கையிலேயே கொடுங்கள். மூன்றரை வயதுக்காரனுக்குத் துணி பிழிவதும் விளையாட்டுத்தான், விரலுக்கும் நல்லது.